கடை கேட்டவர் கடை வைத்த வரலாறு

வகுப்பில் திணையும் பாலும் கற்பிக்கப்படும்பொழுது, ஆண்பால், பெண்பால், பலர்பால் என எண்ணி முடித்தவுடன் பாடம் அஃறிணைக்குச் சென்றுவிடுவது வழக்கம். தொல்காப்பியர் அவ்வளவு விரைவாகச் சென்றாரல்லர். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், நான்காம் நூற்பாவிலேயே, ஆண் தன்மை நீங்கிப் பெண் தன்மை மேற்கொண்டாரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொண்டு அதற்கு முடிபு கூறுகிறார். அப்பெயருக்கெனத் தனியே ஓர் ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே அது ஏற்கும் என்பது அவர் தரும் விதி. ஈறு இல்லாமையைக் கண்டவர், அவர்களைத் திணையைவிட்டு விலக்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பேடி வந்தாள் என்று சொல்லுதல் வேண்டுமேயன்றி, வந்தது என்று சொல்லுதல் இலக்கணமாகாது.

பல நூற்றாண்டுகள் கழிந்து, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவ்விதியை விரித்தார். பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்றும், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்றும் அவர் பகுத்தது நுட்பமான பகுப்பே. ஒருவர் எதனை விரும்புகிறாரோ அதுவே அவர் பால் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு திறத்தாரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தார். தொல்காப்பியத்தில் இல்லாத அந்த வாசல் வழியே பிற்காலச் சமுதாயம் எத்தனை இழிவுகளை உள்ளே கொண்டுவந்தது என்பதை எண்ணினால், இலக்கண நூற்பா ஒன்றும் வெறும் இலக்கணமாக நின்றுவிடுவதில்லை என்பது தெளிவாகும்.

இலக்கியமும் இவர்களை அறியும். இந்திரவிழாவில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடு என்பதும் ஒன்று. சிறையிருந்த தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் ஆடிய ஆடல் அது என்று சிலப்பதிகாரம் கூறும். மணிமேகலையிலும் பேடிக் கோலத்தில் ஆடுவாரைத் தெருவில் மக்கள் சூழ்ந்து நின்று காணும் காட்சி உண்டு. பாரதத்தில் விராடன் அரண்மனையில் ஓராண்டு மறைந்திருந்த அருச்சுனன், பிருகந்நளை என்னும் பெயரோடு இளவரசி உத்தரைக்கு ஆடல் கற்பித்தான். இக்கதைகளை எடுத்துக்காட்டி, பழைய பாரதம் இவர்களைப் போற்றியது என்று மேடையில் முழங்குவோர் பலர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காமனும் அருச்சுனனும் கோலம் பூண்ட ஆடவர்கள்; வேடம் கலைந்ததும் தத்தம் பெருமைக்குத் திரும்பியவர்கள். கலைக்க முடியாத கோலத்தோடு பிறந்தவர் என்ன தொழில் செய்தார், எதனை உடைமையாகக் கொண்டார் என்ற கேள்விக்குக் காப்பியங்களில் விடை கிட்டாது. சுல்தான்களிடமும் முகலாயரிடமும் படைத்தலைவராகவும் ஆளுநராகவும் விளங்கிய அரண்மனைக் காவலரையும் இவ்வரிசையில் சேர்ப்பாருண்டு. 1311இல் மதுரை வரை படையெடுத்து வந்த மாலிக் கபூரும் அவ்வகையினரே. அவர்களுட் பெரும்பாலோர் இளமையிலேயே அடிமையாக்கப்பட்டு உறுப்பு நீக்கப்பட்டவர்கள். பிறர் செய்த கொடுமையையும் தாமே உணர்ந்த இயல்பையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது.

உடைமையின் வரலாற்றைத் தேடுவோர் வடக்கும் மேற்கும் செல்ல வேண்டும். குசராத்தில் பகுச்சரா தேவியை வழிபடும் ஹிஜ்ராக்கள், மகப்பேறு நிகழ்ந்த இல்லங்களுக்கும் மணவீடுகளுக்கும் சென்று ஆடிப் பாடி வாழ்த்திப் பொருள் பெற்றனர். அவ்வாழ்த்துக்குப் பதாய் என்று பெயர். மகப்பேறு தமக்கு இல்லாதவர் பிறர் மகவை வாழ்த்தினால் அவ்வாழ்த்துப் பலிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. இது பிச்சையன்று; இன்ன ஊர், இன்ன தெரு இன்ன குழுவினருக்கு உரியது என்று எல்லை வகுத்துக்கொண்ட ஒரு தொழில்முறை. மராட்டியர் ஆட்சியில் இவ்வுரிமையை அரசே ஏற்றதுடன், சில இடங்களில் நிலமும் பணமும் மானியமாக வழங்கியது. குருவுக்குப் பின் சீடர் அம்மானியத்தை அடைந்தார்.

இந்தக் குரு சீட முறையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பெற்ற வீடு துரத்திய பிள்ளை ஒரு குருவின் வீட்டிற்கு வருகிறது. குருவுக்கும் மூத்தவரை நானி என்பர். சீடர் ஈட்டியதில் ஒரு பங்கு குருவுக்கு. நோயிலும் வறுமையிலும் சீடரைக் காப்பது குருவின் கடன். குரு முதுமையுற்றால் காப்பது சீடரின் கடன். இறந்தால் ஈமக்கடன் செய்வதும் சீடரே. தமிழ்நாட்டில் இவ்வுறவு பெரிதும் தாய்மகள் உறவாகவே வழங்கும். சடங்கோடு மகளாகத் தத்தெடுப்பர். அம்மா, மகள், பேத்தி என்று குடும்பம் வளரும். வைப்புநிதியும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அரசு தராத காலத்தில், இவை மூன்றையும் தாமே அமைத்துக்கொண்ட சமுதாயம் அது. இந்திய மரபின் விழுமியம் என்று பேசுவோர், கோயில் சிற்பத்தைச் சுட்டுவதைவிட இந்த வீட்டைச் சுட்டுவது தகும். அதற்காக அவ்வீட்டில் குறையே இல்லை எனக் கூறுவதும் உண்மையாகாது. பங்கு கொடுத்துக் கொடுத்தே இளமை கழிந்த சீடரும், வீடு மாறத் தண்டம் கட்டியவரும் உண்டு. ரேவதி எழுதிய ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய ‘நான், சரவணன் வித்யா’ ஆகிய நூல்கள் இவ்வாழ்வின் இருபுறத்தையும் மறைக்காமல் காட்டுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் நேர்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் அரசு, ஹிஜ்ராக்களின் மானியங்கள் குருவிடமிருந்து சீடருக்குச் செல்வதை ஏற்க மறுத்தது. 1871இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி முழுவதும் இவர்களைப் பற்றியதே. வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய பகுதிகளில் அது நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணம் அதன் எல்லைக்குள் வரவில்லை.

அச்சட்டத்தின் விதிகளைக் கூர்ந்து படித்தல் நலம். குற்றம் செய்ததாக ஐயுறப்படுவோரின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏற்றப்படும். அவர்தம் உடைமைகளும் பதிவு செய்யப்படும். பதிவு பெற்றவர் பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றினாலோ, ஆடினாலோ, இரண்டாண்டு வரை சிறை. பதினாறு வயது நிரம்பாத சிறுவனைத் தம் வீட்டில் வைத்திருத்தல் குற்றம். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துபோகும் ஒரு விதி உண்டு. பதிவு பெற்றவர் எவருக்கும் காப்பாளராக இருத்தலாகாது, கொடை வழங்கலாகாது, உயில் எழுதலாகாது, மகவைத் தத்தெடுத்தலாகாது.

சிறைத் தண்டனை ஒருவரை இரண்டாண்டு முடக்கும். உயிலையும் தத்தையும் தடுக்கும் விதியோ ஒரு குலத்தையே முடக்கும். மகப்பேறு இல்லாத சமுதாயம் தன் பொருளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்லும் வழிகள் கொடை, உயில், தத்து ஆகிய மூன்றே. மூன்றும் அடைபட்டன. ஆடலும் தடுக்கப்பட்டமையால் அன்றாட வருவாயும் நின்றது. ஒரு சமுதாயம் முதல் சேர்க்க இயலாதவாறு சட்டமே செய்தபின், இவர்கள் இரந்துண்போர் என்று அதே அரசு ஏளனம் செய்தது. 1911இல் புதிய சட்டம் வந்தபொழுது இப்பகுதி கைவிடப்பட்டது. ஐதராபாத் நிசாம் அரசு 1919இல் இதே போக்கில் இயற்றிய சட்டம் மட்டும் ஏட்டில் நெடுங்காலம் இருந்து, 2023இல்தான் தெலுங்கானா உயர்நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் பதிவேடு இல்லை; எனினும் பிழைப்பு எளிதாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. திருமண விருந்துக்குச் சமைத்தல், கோயில் திருவிழாவில் கரகம் ஆடுதல் ஆகிய தொழில்கள் சிலருக்கு வாய்த்தன. கூத்தாண்டவர் கோயில் அமைந்த கூவாகத்தில் சித்திரைத் திங்களில் அரவானுக்கு மாலையிட்டு, மறுநாள் தாலியறுத்து அழுவோரை ஆயிரக்கணக்கானோர் திரண்டு காண்பர். விழா முடிந்த மறுவாரம் அவர்களுள் ஒருவர் வேலை கேட்டு வந்தால் கதவு திறப்பவர் அரிது. ஆகவே பெரும்பாலோர்க்கு எஞ்சியது கடை கேட்டல். கடைத்தெருவில் கடைகடையாகச் சென்று கைதட்டிக் காசு பெறுவதை அவர்கள் வழக்கில் அவ்வாறே குறிப்பர். கடைக்காரர் கொடுக்கும் காசு சில வேளை வாழ்த்துக்காக. பல வேளை அவ்விடத்தை விட்டு அகல்வதற்காக. வாழ்த்தைப் பெற்றுக்கொள்ளும் சமுதாயம் வாழ்த்தியவர் கையால் ஒரு குவளைத் தேநீர் வாங்கிப் பருகுமா என்பதே இங்குள்ள கேள்வி.

மாற்றம் சில ஆணைகளால் தொடங்கியது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. பின்னர் திருநங்கை என்னும் சொல்லே அரசு வழக்கிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றது. வசைச் சொற்களாகவே வழங்கிவந்த இடத்தில் திரு என்னும் அடைமொழியோடு ஒரு பெயர் வந்தமை தமிழாசிரியர்கள் மகிழத்தக்கது. பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்வாரைத் திருநம்பி என்பர். குடும்ப அட்டை, வீட்டு மனை, தொழில் தொடங்க 50,000 ரூபாய் வரை மானியம் என்று வாரியத்தின் உதவிகள் அமைந்தன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆண் பெண் என்னும் இரண்டிலும் அடங்காதார் எனப் பதிந்தோர் இந்தியா முழுவதும் 4,87,803 பேர். சமுதாயத்திற்கு அஞ்சி மறைந்திருப்போரையும் எண்ணினால் உண்மைத் தொகை இதனினும் பெரிதாகவே இருக்கும். ஆறாண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 15ஆம் நாளில், 2014இல், இந்திய உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், ஒருவர் தம் பாலைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தனர். விரும்புவதே பால் என்னும் பவணந்தியாரின் பகுப்பு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் ஏறியது எனலாம். மறு ஆண்டு திருச்சி சிவா கொணர்ந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 2019இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமும் இயற்றியது.

ஆணைகள் வழியைத் திறந்தன, நடந்தவர்கள் அவர்களே. மதுரையிற் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல்லாண்டுகள் உடனிருந்து பரதம் பயின்றார். பெற்றோர் துறந்த பிள்ளைக்குக் கலையின் குரு மரபு அடைக்கலமாயிற்று. அவர் ஆடலோடு நில்லாமல் வெள்ளியம்பலம் என்னும் பெயரில் நடனப் பள்ளி நிறுவி, கற்றதைக் கற்பித்து வாழ்கிறார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருநங்கையருள் அவ்விருது பெற்ற முதல்வர் அவரே. விராடன் அவையில் பிருகந்நளை செய்த தொழிலும் அதுவே. ஆயின் இங்கு வேடமில்லை, கூலியாளும் இல்லை, பள்ளி அவருடையது. கருநாடகத்தில் எல்லம்மன் வழிபாட்டோடு தொடர்புடைய ஜோகதி ஆடலைக் காத்துவந்த மஞ்சம்மா ஜோகதி, அம்மாநில நாட்டுப்புறக் கலைக் கழகத்தின் தலைவராக 2019இல் அமர்ந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற மேடையேறியபொழுது, தம் சேலை முந்தானையால் குடியரசுத் தலைவருக்குத் திருஷ்டி கழித்துவிட்டே விருதைப் பெற்றுக்கொண்டார். வாழ்த்துவது அவர் மரபு. அன்று அதற்காக எவரும் காசு கொடுத்து அனுப்பவில்லை.

சமூகத் தொழில் நிறுவனம் என்று இன்று வழங்கப்படுவது, ஆதாயத்தை ஒருவர் கையில் குவிக்காமல் நலிந்தோர் வாழ்வுக்கே அதனைத் திருப்பும் நிறுவனமாகும். 2016இல் பெங்களூரில் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி கலைத் திட்டம் அவ்வகையினது. திருநங்கையர் நகரங்களின் பெருஞ்சுவர்களில் ஓவியம் தீட்டி ஊதியம் பெறுகின்றனர். எந்தத் தெருவில் கைதட்டி நின்றார்களோ அந்தத் தெருவின் சுவரிலேயே ஏணி சாத்தி நிற்கிறார்கள். 2017இல் சென்னையில் தோன்றிய பெரிஃபெரி என்னும் நிறுவனம் திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் அலுவலகங்களில் வேலை தேடித் தருகிறது.

இவை எல்லாம் பழுதின்றி நடந்தன எனல் ஆகாது. 2017இல் கொச்சி மெட்ரோ தொடர்வண்டி நிறுவனம் குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாகத் திருநங்கையர் 23 பேரை வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. ஒரு திங்களுக்குள் சிலர் வேலையை விட்டனர். வேலை கடினமன்று, சக ஊழியர் பகைத்தனரும் அல்லர். நகரில் அவர்களுக்கு வாடகைக்கு அறை கொடுப்பார் இல்லை. வேலையை ஓர் அலுவலகம் தந்தது. கூரையை ஊர் தரவேண்டியிருந்தது.

கோவையில் 2020 செப்டம்பரில், பெருந்தொற்றால் விருந்துச் சமையல் வாய்ப்புகள் அற்றுப்போன நேரத்தில், சமையற்கலை அறிந்த திருநங்கையர் ஒன்றுகூடி ஓர் உணவகம் திறந்தனர். பெயர்ப்பலகையிலேயே தாம் யார் என்பதை மறையாது எழுதினர். அடுத்த திங்களே அதனை முன்னின்று தொடங்கிய மூத்தவர் கொலையுண்டார். பல்லாண்டு பிறர் வீட்டு விருந்துக்குச் சமைத்து, முதுமையில் தம் பெயரால் ஒரு கடையைக் கண்டவர் அதனைச் சில கிழமைகளே கண்டார்.

அதே ஆண்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் நிகழ்ந்தது வேறு வகை முயற்சி. கிரேஸ் பானு என்னும் திருநங்கைச் செயற்பாட்டாளரின் உழைப்பாலும் அந்நாளைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் துணையாலும் அங்குத் திருநங்கையர்க்கு ஒரு குடியிருப்பு எழுந்தது. குடியிருப்புக்கு ஆட்சியர் பெயரையே சூட்டினர். கறவை மாடுகள் வாங்கக் கடன் கிடைத்தது. ஏறத்தாழ முப்பது பேர் சேர்ந்து பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். இந்தியாவில் திருநங்கையரே உறுப்பினராய் நடத்தும் முதற் பால் கூட்டுறவு அது.

கொச்சியின் குறை இங்கு நேரவில்லை. வீடு முதலில் வந்தது, மாடு பின்னர் வந்தது. கூட்டுறவின் இயல்பிலேயே மற்றொரு காப்பும் உண்டு. உணவகத்தில் உண்பவர் சமைத்தவரைக் காண்கிறார்; காண்பதாலேயே சிலர் படியேறாமல் போகிறார். பால் சங்கத்திலோ, கறந்த பாலில் கொழுப்பு எவ்வளவு, பிற திடப்பொருள் எவ்வளவு என்று கருவி அளக்கிறது, அளவுக்கேற்ப விலை. பெருங்கலனில் கலந்தபின் அதை எவர் கறந்தார் என்று பிரித்துக் கேட்பதற்கு வழியில்லை. மனிதர் மனம் மாறும்வரை காத்திராமல் பசியாறுவதற்கு இது நல்ல வழியே. எனினும் முகத்தை மறைத்துத்தான் பொருளை விற்க இயலும் என்றிருக்குமாயின், அது கோவைக் கடையின் பெயர்ப்பலகைக்கு ஒரு படி கீழானதே.

கூட்டுறவு புதுமையன்று என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஈட்டியதைப் பங்கிடுதல், மூத்தோரைக் காத்தல், புதிதாய் வந்தவரை ஏற்று வேலை பழக்குதல் ஆகியவை ஜமாத்து எனப்படும் அவர்தம் பழைய அமைப்பில் ஏற்கெனவே இருந்தவை. கணக்குப் புத்தகமும் வாக்குரிமையும் இல்லாதிருந்தன; சங்கம் அவ்விரண்டையும் சேர்த்தது. குருவின் பங்கு எவ்வளவு என்பதைக் குருவே முடிவு செய்த இடத்தில், உறுப்பினர் கூட்டம் முடிவு செய்கிறது. கணக்கு எழுத எழுத்தறிவு வேண்டும். இங்குதான் பழைய குறையொன்று தொடர்கிறது. திருநங்கையர் பலர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள்; நிறுத்தியதற்குக் காரணம் பெரும்பாலும் வறுமையன்று. நடையையும் குரலையும் பழித்த உடன் மாணவரும், அப்பழிப்பைக் கேட்டும் கேளாதது போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்ட ஆசிரியருமே அவர்களைப் பள்ளியிலிருந்து அனுப்பிவைத்தனர்.

இனி, மாடு வைத்திருக்கும் ஒருவர் மறைந்தால் மாடு யாருக்கு? தத்தெடுத்த மகள் ஊரறிய மகளே. ஆனால் சடங்கால் ஆன அவ்வுறவைச் சட்டம் வாரிசாகக் கொள்வதில்லை. துரத்திய அண்ணனும் தம்பியும் இறந்த மறுநாள் உரிமை கோரி வரலாம். உத்தரப் பிரதேச அரசு 2020இல் தன் வருவாய்ச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் பாலினத்தவரும் குடும்பத்தின் வேளாண் நிலத்திற்கு வாரிசாகலாம் என்று செய்தது. அது பெற்றோர் வழி வரும் உடைமைக்கு உதவும். தாமே ஈட்டியதைத் தம் மகளுக்கு விட்டுச்செல்ல விரும்புவோர்க்கு ஒரே வழி உயில் எழுதுவது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டில் ஏறியோர்க்கு மறுத்த அந்த உயிலை, இன்று இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு எந்தத் திருநங்கையும் எழுதலாம்.